பாறையை விட்டு அகலாத பிள்ளைகள்

சாரா பேக்கர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1909இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கடற்கரைப் பாறைகளில் பழுப்புப் பாசிகள் ஏன் பட்டை பட்டையாகப் பிரிந்து வளர்கின்றன என்பதுதான் அதன் கேள்வி. சோதனைக்கு அவர் எடுத்துக்கொண்டவை சில ஜாடிகள், கடல்நீர், இளம் பாசிகள் அவ்வளவுதான். ஒரு ஜாடிப் பாசி பெரும்பாலும் நீருக்குள்ளேயே இருந்தது. இன்னொரு ஜாடிப் பாசி நாளின் பெரும்பகுதி நீர் வடிந்து காய்ந்து கிடந்தது. ஓதம் செய்யும் வேலையை அவர் தன் கையால் செய்தார். கரையின் மேற்பகுதியில் வளரும் இனங்கள் காய்ச்சலைத் தாங்கின, ஆனால் மெதுவாக வளர்ந்தன. கீழ்ப்பகுதி இனங்கள் ஈரத்தில் மளமளவென்று வளர்ந்தன, காயவிட்டபோது வாடின. மேலே போனால் வெயில் கொல்லும், கீழே போனால் வேகமாக வளரும் அண்டை வீட்டுப் பாசி நிழல் போட்டு அமுக்கிவிடும். ஒவ்வோர் இனமும் இந்த இரண்டு நெருக்கடிகளுக்கும் நடுவில் தனக்கென ஒரு பட்டையைப் பிடித்துக்கொள்கிறது.

ஸ்காட்லாந்திலோ அயர்லாந்திலோ பிரான்சின் பிரிட்டனியிலோ ஓதம் வற்றிய நேரத்தில் கரையிலிருந்து கடலை நோக்கி நடந்தால் இந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தாண்டலாம். அங்குள்ளவர்கள் இந்தப் பாசிகளுக்கு வைத்திருக்கும் பெயர்களைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: எல்லாவற்றுக்கும் மேலே வாய்க்கால் பாசி, அதன் இலை வாய்க்கால் போலக் குழிந்திருக்கும். அடுத்துத் திருகுப் பாசி. நடுவில் காற்றுக் குமிழ்களோடு குமிழ்ப் பாசி. அதற்கும் கீழே, விளிம்பில் பல்வரிசை கொண்ட ரம்பப் பாசி. கடைசி மூன்றும் ஃபியூகஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. குமிழ்ப் பாசிக்கு 1753இல் அறிவியல் பெயர் வைத்தவர் லின்னேயஸ்.

நம் கரைக்கும் இந்தக் குடும்பம் அந்நியமில்லை. மன்னார் வளைகுடாவில் பாசி எடுப்பவர்கள் கட்டக்கோரை என்று சொல்லும் சர்காசமும், பக்கோடாப் பாசி என்று சொல்லும் டர்பினேரியாவும் ஃபியூகஸோடு ஒரே வரிசையில் வைத்துப் பேசப்படுபவை. கட்டக்கோரையைக் கையில் எடுத்துக் குமிழை நசுக்கி விளையாடிய எவரும் குமிழ்ப் பாசியைப் பார்த்த உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆனால் ராமேஸ்வரத்தில் ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்குவதில்லை. பிரிட்டனியின் சான் மாலோவில் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி அது சுமார் 12 மீட்டர் ஏறி இறங்குகிறது. அந்த 12 மீட்டர் உயரத்துக்குள் பாலைவனமும் கடலும் ஒரே பாறையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அதனால்தான் இந்தக் கதையைச் சொல்ல அங்கே போக வேண்டியிருக்கிறது.

பேக்கர் பார்த்தது இனங்களுக்கு இடையிலான வேறுபாடு. இந்த அத்தியாயம் பேசப்போவது அதைவிட நுட்பமான ஒன்றை. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு பாசிகள். ஒன்று பாறையின் உச்சியில், மற்றொன்று அடிவாரத்தில். அல்லது ஒன்று நார்வேயில், மற்றொன்று போர்த்துகலில். பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும் இவை உள்ளுக்குள்ளும் ஒன்றுதானா? இருந்த இடம் அவற்றின் மரபணுக்களில் ஏதாவது எழுதியிருக்கிறதா?

கேள்வி எளிது. ஆனால் ஒரு குழப்பத்தை முதலில் விலக்க வேண்டும். வயலில் வேலை செய்பவரின் உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும். அது அவர் கை கண்ட வேலையால் வந்தது, பிறப்பால் வந்ததல்ல. அவர் பிள்ளைக்கு மென்மையான கைதான் பிறக்கும். பாசிகளுக்கும் இப்படிக் காய்ப்பு ஏறும். 1970களில் ஸ்காட்லாந்தின் கம்ப்ரே தீவில் ஷோன்பெக், நார்ட்டன் என்ற இருவர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். அஷ்டமியை ஒட்டி ஓதம் தணிந்திருக்கும் நாட்களில் வெயிலும் சேர்ந்து அடித்தால், கரையின் மேல்விளிம்பில் இருக்கும் பாசிகள் நீரைக் காணாமல் கிடந்து, அடுத்த சில வாரங்களில் அழுகி உதிர்வதை அவர்கள் பதிவு செய்தார்கள். கூடவே இன்னொன்றையும் கண்டார்கள். காய்ச்சலுக்கு அடிக்கடி ஆட்பட்ட வாய்க்கால் பாசியும் திருகுப் பாசியும் மெல்ல மெல்ல உரம் ஏறுகின்றன. அவற்றையே நீருக்குள் மூழ்க வைத்திருந்தால் அந்த உரம் போய்விடுகிறது. ஆகவே பாறை உச்சியில் இருக்கும் பாசி அதிகம் தாங்குகிறது என்பதை மட்டும் வைத்து அது பரம்பரைச் சொத்து என்று சொல்லிவிட முடியாது.

இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. நாற்றைப் பிடுங்கி இடம் மாற்றி நடுவதுதான். மேல் பாசியைக் கீழேயும் கீழ்ப் பாசியை மேலேயும் வைக்க வேண்டும். கூடவே மேல் பாசியை மேலேயே பிடுங்கி மறுபடி வைக்க வேண்டும், கீழ்ப் பாசிக்கும் அப்படியே. இல்லாவிட்டால் பிடுங்கிய அதிர்ச்சியை இடத்தின் குற்றமாகக் கருதிவிடுவோம். இன்னும் நல்லது, வளர்ந்த பாசியை விட்டுவிட்டு அவற்றின் கருக்களை ஒரே சூழலில் முளைக்க வைத்து, காய்ப்பு ஏறாத அந்தப் பிஞ்சுகளை மேலும் கீழும் வைத்துப் பார்ப்பது. சொந்த இடத்தில் சொந்தப் பிள்ளை வெளியூர்ப் பிள்ளையைவிட நன்றாக வாழ்ந்தால்தான் அதை உள்ளூர்த் தகவமைப்பு என்று ஒப்புக்கொள்ளலாம். கலிபோர்னியா கரையின் சில்வெட்டியா என்ற பழுப்புப் பாசியில் சிந்தியா ஹேஸ் செய்த இத்தகைய ஆய்வு 2007இல் வெளியானது. ஓர் இனம் பாறையில் பிடித்திருக்கும் பட்டையின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இடையில் சில எட்டுத் தூரம்தான். அந்தத் தூரத்துக்குள்ளேயே பாசிகள் தத்தம் மட்டத்துக்கு ஏற்பப் பிரிந்திருந்தன.

சில எட்டுத் தூரத்தில் இது எப்படிச் சாத்தியம்? மாமரத்தையோ தேக்கையோ எடுத்துக்கொள்ளுங்கள். காற்றும் வண்டும் மகரந்தத்தைச் சுமந்து திரிவதால், மேட்டு நிலத்து மரமும் பள்ளத்து மரமும் தலைமுறைதோறும் கலந்துகொண்டே இருக்கும். இடம் ஒரு பக்கம் இழுத்தால் கலப்பு மறுபக்கம் இழுக்கும். கடலில் இந்தக் கலப்பு இன்னும் அதிகமாக இருக்க வேண்டும் என்றுதான் நாம் நினைப்போம். அலையும் நீரோட்டமும் எதையும் எங்கும் கொண்டுபோகும் அல்லவா? ஃபியூகஸ் விஷயத்தில் அந்த எண்ணம் தவறு. ஏன் தவறு என்பதை நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். கடலில் நடக்கும் இனப்பெருக்கங்களில் இவ்வளவு பொறுமையானது வேறு ஒன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

குமிழ்ப் பாசியில் ஆண் தனி, பெண் தனி. இனப்பெருக்கக் காலத்தில் கிளை நுனிகள் தடித்து, புள்ளி புள்ளியாகக் குழிகளோடு பருத்து நிற்கும். பெண்ணின் ஒவ்வொரு முட்டைப் பையிலும் எட்டு முட்டைகள். முட்டைக்கு நீந்தத் தெரியாது. வெளியே வந்ததும் அடியை நோக்கி அமிழும். விந்துக்கு இரண்டு சாட்டைகள் உண்டு. அது வெளிச்சத்துக்கு எதிர்த்திசையில் நீந்தும். அதாவது, சூரியனை விட்டு விலகி அடித்தளத்தை நோக்கி, முட்டைகள் விழுந்து கிடக்கும் இடத்துக்கே போகும். அருகில் போனதும் முட்டை விடும் ஒரு வேதிப்பொருளின் வாசம் அதைப் பிடித்திழுக்கும். அந்தப் பொருளை 1973இல் ரம்பப் பாசியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதனால் அதன் பெயரிலேயே ரம்பப் பாசி இருக்கிறது, ஃபியூகோசெரட்டீன்.

அலை அடித்துக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் நடந்தால் முட்டையும் விந்தும் சிதறிப் போகும். பாசி அதற்கு இடம் கொடுப்பதில்லை. எஸ்டர் செராவோ, கரெத் பியர்சன், லேனா கவுட்ஸ்கி, சூசன் பிராலி ஆகியோர் 1996இல் காட்டியது இது: நீர் அமைதியாக இருக்கும் நேரம் பார்த்தே குமிழ்ப் பாசி முட்டையையும் விந்தையும் வெளிவிடுகிறது. வெளியான முட்டைகளில் கிட்டத்தட்ட எல்லாமே கருவுறுகின்றன. கண்ணும் காதும் இல்லாத பாசிக்கு அலை ஓய்ந்தது எப்படித் தெரியும்? இரண்டு ஆண்டுகள் கழித்து அதற்கும் விடை வந்தது. ஒளிச்சேர்க்கைக்காகப் பாசி தன்னைச் சுற்றியுள்ள நீரிலிருந்து கரைந்த கார்பனை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அலை இருந்தால் புதுநீர் வந்து பற்றாக்குறையை நிரப்பிவிடும். நீர் அசையாமல் நின்றால் பாசியை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் கார்பன் குறைந்துபோகும். அந்தக் குறைவுதான் அதற்குச் செய்தி. உணவு கொஞ்சம் குறைகிறது என்றால் கடல் தூங்குகிறது என்று பொருள்.

கருவுற்ற முட்டை ஒட்டும் பசையைச் சுரந்து பாறையைப் பற்றிக்கொள்கிறது. வெளிச்சம் வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் வேர் போன்ற பற்றுறுப்பு கிளம்புகிறது. பெரும்பாலான பிள்ளைகள் தாயிடமிருந்து சில மீட்டருக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. பேரன் பேத்திகளும் அப்படியே. தலைமுறை தலைமுறையாக ஒரே பாறை, ஒரே மட்டம், ஒரே வெயில். இடத்துக்கு அவற்றைச் செதுக்கப் போதுமான அவகாசம் கிடைக்கிறது.

பயணமே இல்லை என்று சொல்வதும் தவறு. புயலில் பிய்ந்த குமிழ்ப் பாசிக் கிளை, காற்றுக் குமிழ்களின் உதவியால் முட்டைப் பைகளோடு நெடுந்தூரம் மிதந்து போகக்கூடும். ஆளில்லாத பாறையில் அது ஒதுங்கினால் ஒரு புதிய ஊர் பிறக்கும். ஆனால் ஏற்கெனவே பாசி அடர்ந்திருக்கும் கரையில் ஒதுங்கினால்? அங்கே விழும் ஆயிரம் முட்டைகளில் வந்தவருடையது ஒன்றோ இரண்டோதான் இருக்கும். கழிமுகங்களில் மட்டும் வாழும் ஃபியூகஸ் செரனாய்டிஸ் என்ற இனத்தை ஜோவாவ் நெய்வாவும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2012இல் இதைத் தெளிவாக்கினார்கள். அடுத்தடுத்த கழிமுகங்களுக்கு இடையில் மரபணு வேறுபாடு கோடு போட்டதுபோல் இருந்தது. முதலில் வந்து குடியேறியவர்களின் கூட்டமே பின்னால் வருபவர்களுக்குச் சுவராகிவிடுகிறது. பனியுகம் முடிந்து கரைகள் திறந்தபோது யார் எங்கே முதலில் வந்தார்களோ, அவர்களின் வாரிசுகளே இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

பனியுகம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வட ஐரோப்பாவின் பெரும்பகுதியைப் பனிப்பாளம் மூடியிருந்தது. கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. ரம்பப் பாசி எங்கே ஒளிந்து பிழைத்தது என்பதை அதன் மரபணுக்களே காட்டிக்கொடுத்தன. 2007இல் வெளியான ஓர் ஆய்வு மூன்று புகலிடங்களைச் சுட்டியது: தென்மேற்கு அயர்லாந்து, பிரிட்டனியை ஒட்டி ஆங்கிலக் கால்வாயின் அடியில் இருக்கும் ஹர்ட் பள்ளம், வடக்கு ஐபீரியக் கரை. ஒரு புகலிடத்திலிருந்து பரவியவற்றுக்கும் இன்னொன்றிலிருந்து பரவியவற்றுக்கும் இன்றும் அடையாளம் வேறு வேறு.

இங்கே எச்சரிக்கை தேவை. மரபணுவில் வேறுபாடு இருப்பதாலேயே அது தகவமைப்பு ஆகிவிடாது. ஒரு கூடை நெல்லில் பல ரகங்கள் கலந்து கிடக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி அள்ளினால் அந்தப் பிடியில் சில ரகங்கள் கூடியிருக்கும், சில விடுபட்டிருக்கும். அந்தப் பிடியை மட்டும் விதைத்து, அடுத்த ஆண்டு அதிலிருந்து ஒரு பிடி, அதற்கடுத்த ஆண்டு இன்னொரு பிடி என்று போனால், யாருமே தேர்ந்தெடுக்காமல் அந்த வயல் மற்ற வயல்களிலிருந்து விலகிவிடும். சிறு கூட்டங்களில் இந்த வெறும் தற்செயலே பெரிய விலகலை உண்டாக்கும். வேறுபாட்டில் எவ்வளவு தற்செயல், எவ்வளவு இயற்கைத் தேர்வு என்று பிரிப்பதுதான் இந்தத் துறையின் கடினமான வேலை. மரபணுத் தொகுதி முழுவதிலும் பல இடங்களை அளந்து, பொதுவான விலகலைவிட எங்கெல்லாம் விலகல் மிதமிஞ்சி இருக்கிறது என்று தேடுகிறார்கள். தற்செயல் எல்லா இடங்களையும் ஏறக்குறைய ஒரே அளவு தொடும். தேர்வு, வேண்டியதை மட்டும் குறிவைத்துத் தொடும். ரம்பப் பாசியில், உப்பு படிப்படியாகக் குறையும் வெறும் 12 கிலோமீட்டர் நீளத்துக்குள்ளேயே இப்படிக் குறிவைத்துத் தொட்ட தடயங்களை ஜேம்ஸ் காயரும் குழுவினரும் 2011இல் கண்டார்கள்.

உப்பு குறைவது என்ன பாடுபடுத்தும் என்பதைப் பார்க்க பால்டிக் கடலைப்போல் வேறு இடமில்லை. ஸ்வீடன், பின்லாந்து, எஸ்டோனியா சூழ்ந்த இந்தக் கடலுக்கு வட கடலோடு ஒடுங்கிய வாசல்தான் உண்டு, ஆறுகளோ ஏராளம். அட்லாண்டிக்கில் ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு இருக்கும். பால்டிக்கின் நடுப்பகுதியில் மேல்மட்ட நீரில் அது 6 முதல் 8 கிராம். வடக்கே போத்னியா வளைகுடாவின் கோடியில் 2, 3 கிராம்தான். பனியுகத்துக்குப் பின் அது நன்னீர் ஏரியாகக் கிடந்து, சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்தான் உப்புநீர் உள்ளே புகுந்தது. பரிணாமக் கணக்கில் நேற்றுத் திறந்த வீடு. அதில் குடியேறிய மிகச் சில கடல் உயிர்களில் குமிழ்ப் பாசியும் ஒன்று.

குடியேறியதற்கு அது கொடுத்த விலையைப் பாருங்கள். பால்டிக்கில் ஓதம் என்பது ஏறக்குறைய இல்லவே இல்லை. தினம் இருமுறை காய்ந்து நனையப் பிறந்த பாசி அங்கே எப்போதும் நீருக்கடியில் வாழ்கிறது. உப்புக் குறைந்த நீர் அதன் விந்தையும் முட்டையையும் நேரடியாகத் தாக்குகிறது. உப்புக் கடலில் வளர்ந்த பாசியின் விந்து பால்டிக் நீரில் சரியாக நீந்தாது. இன்னொரு ஆபத்து முட்டைக்கு. முதல் விந்து நுழைந்ததும் முட்டை தன் மென்படலத்தின் மின்நிலையை மாற்றி மற்ற விந்துகளுக்குக் கதவடைக்கும். அதற்கு நீரில் கரைந்த உப்பின் சோடியம் வேண்டும். உப்புக் குறைந்தால் கதவு தாமதமாக அடைபடும், ஒரே முட்டைக்குள் பல விந்துகள் நுழையும், கரு செத்துப்போகும். செராவோ, கவுட்ஸ்கி, பிராலி மூவரும் 1996இல் பால்டிக் பாசியையும் கடல் பாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, பால்டிக் பாசியின் விந்து அந்த நீர்த்த நீரிலும் நீந்தியது. 8,000 ஆண்டுகளுக்குள் மாறியது இலையின் வடிவமோ நிறமோ மட்டுமில்லை. ஓர் உயிர் இன்னொன்றைச் சந்திக்கும் அந்த ஒரு நொடியின் வேதியியலே மாறியிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எதுவும் தெரியாது. உள்ளூர்த் தகவமைப்பைப் பற்றி எனக்கு ஒரே ஓர் உதாரணம் சொல்ல அனுமதி கிடைத்தால் இதைத்தான் சொல்வேன்.

இடத்தால் மாறாத ஒன்றும் அங்கே இருக்கிறது. முட்டையும் விந்தும் எப்போது வெளிவருகின்றன என்று 1994இல் ஓர் ஆய்வு பார்த்தது. மாலை வேளையில், பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டி வெளிவந்தன. ஓதமே இல்லாத கடலில், ஓதத்தின் நாட்காட்டி அந்தப் பாசிக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

வடக்கே போகப் போக, உப்பு 4 கிராம் அளவுக்கு இறங்கும் இடத்தில், கருவுறுதல் மேலும் மேலும் கடினமாகிறது. அங்கே பாசி வேறொரு வழியைக் கையாண்டது. சிறு கிளைகள் உதிர்ந்து, அடியில் விழுந்து, பற்றுறுப்பு விட்டுப் புதுப் பாசியாக வளர்கின்றன. முருங்கைப் போத்தை வெட்டி நடுவதுபோலத்தான். ஓதமும் பேரலையும் உள்ள அட்லாண்டிக் கரையில் உதிர்ந்த கிளை நிலைகொள்ளாது. அமைதியான பால்டிக்கில் நிலைகொள்கிறது. குட்டையாக, புதர்போல் வளரும் இந்தப் பாசியை 2005இல் தனி இனமாக அறிவித்து ஃபியூகஸ் ராடிகன்ஸ் என்று பெயரிட்டார்கள். பிரிந்து வெறும் 400 ஆண்டுகளே ஆகியிருக்கலாம் என்று 2009இல் வந்த கணிப்பு உலகெங்கும் கவனம் பெற்றது. பிறகு மரபணு அடையாளங்களைக் கொண்டு தனித்தனிப் பாசிகளை அளந்தபோது, ஸ்வீடன் கரையில் சுமார் 550 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே ஒரு பெண் பாசியின் பிரதிகள் பரவியிருப்பது தெரிந்தது. அண்மையில் மரபணுத் தொகுதியை இன்னும் விரிவாகப் படித்த ஆய்வு, தனி இனம் என்று கருதிய அந்தப் பரந்த கூட்டம் உண்மையில் குமிழ்ப் பாசியின் ஒரு மாபெரும் பிரதிதான் என்று சொல்கிறது. பெயர் மாறியதைப் பற்றிச் சிலர் சலித்துக்கொள்ளலாம். எனக்கு அது மகிழ்ச்சியான சேதி. ஓர் இனம் பிறந்ததா, ஓர் உயிர் மட்டும் நீண்டு வளர்ந்ததா என்ற கேள்வியை, பாறையில் படர்ந்த ஒரு பழுப்புக் கொத்து இருபது ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது.

ஒரே பெண்ணின் பிரதிகள் 550 கிலோமீட்டர் பரவுவதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்தப் பெண் இன்றைய பால்டிக்குக்கு மிகப் பொருத்தமானவள்; அதில் ஐயமில்லை. ஆனால் கடல் இன்னும் சூடானாலோ உப்பு இன்னும் குறைந்தாலோ, தேர்ந்தெடுக்க வேறு ஆள் அங்கே குறைவு.

இடம் தன் பிள்ளைகளைச் செதுக்கும் என்று இதுவரை சொன்னேன். எப்போதும் நன்றாகச் செதுக்குமா? இல்லை என்று காட்டியது போர்த்துகல். ரம்பப் பாசியின் தெற்கு எல்லை வடக்கு போர்த்துகல் கரையில் இருக்கிறது. வெப்பமும் காய்ச்சலும் மிகுந்த எல்லை. அங்கே பல தலைமுறையாக வெயிலில் வறுபட்டுப் பிழைத்த பாசி, குளிர்ந்த இங்கிலாந்துப் பாசியைவிட வெப்பத்தை நன்றாகத் தாங்க வேண்டும் அல்லவா? பியர்சனும் உடன் ஆய்வாளர்களும் தென்மேற்கு இங்கிலாந்தின் பாசியையும் போர்த்துகல் பாசியையும் ஆய்வகத்தில் ஒரே நிலையில் வைத்துப் பழக்கி, பிறகு காய வைத்தும் சூடேற்றியும் பார்த்தார்கள். 2009இல் வெளியான முடிவு எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. எல்லைப் பாசிதான் அதிகம் துவண்டது, மெதுவாக மீண்டது. அதன் மரபணு வளமும் குறைவாக இருந்தது.

காரணம் அந்தக் கூடை நெல்லிலேயே இருக்கிறது. இயற்கைத் தேர்வு எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை, இருப்பதிலிருந்துதான் எடுக்கும். விளிம்பில் கூட்டம் சிறிது, அண்டை ஊர் தொலைவு, ஒவ்வொரு மோசமான கோடையிலும் கூட்டம் மேலும் சுருங்குகிறது. வெப்பத்தைத் தாங்கும் மரபணு வடிவம் ஒன்று இருந்திருந்தாலும், பயன்படும் முன்பே தற்செயலாக அது தொலைந்திருக்கலாம். கடுமையான ஆசிரியர் இருக்கிறார், ஆனால் வகுப்பில் மாணவர்கள் இல்லை. பால்டிக்கையும் போர்த்துகலையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் முழுப்படம் கிடைக்கிறது. பாறையை விட்டு அகலாமை ஓரிடத்தில் பாசியை அந்த இடத்துக்கென்றே வார்த்தது. இன்னோரிடத்தில் உதவி வரும் வழியையே அடைத்தது.

குமிழ்ப் பாசியின் தெற்கு எல்லைக்கு நேர்ந்ததைச் சொல்லவே மனம் கனக்கிறது. 2013இல் கேட்டி நிகாஸ்ட்ரோவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 30 ஆண்டுகளில் அதன் தெற்கு எல்லை ஏறக்குறைய 1,250 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. முன்பு பதிவான மொராக்கோ கரைகளில் போய்த் தேடியபோது பாசி இல்லை. நீரின் வெப்பம் கூடியதோடு இந்தச் சுருக்கம் ஒத்துப்போனது. இழந்தது கரையின் நீளம் மட்டும் என்றால் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். வடக்கே குமிழ்ப் பாசி இன்னும் ஏராளம். ஆனால் தெற்கில் இருந்தது மரபணுவழியில் தனித்த ஒரு கிளை. வடக்கே அது இல்லை. மொத்த இனத்துக்கும் சேர்த்து ஒரே பெயர் எழுதிவைத்து எண்ணிக்கை பார்க்கும் பட்டியல்களில் இந்த இழப்பு தெரியவே தெரியாது. அங்கே ஒரே வரி, அதில் குமிழ்ப் பாசி நலமாக இருப்பதாகவே எழுதியிருக்கும்.

பாசி அழிந்த பாறையில் மறுபடி நடலாம் என்ற முயற்சிகள் இப்போது பல கரைகளில் நடக்கின்றன. எந்த ஊர்ப் பாசியை நடுவது என்ற கேள்விதான் அதில் முதன்மையானது என்று நினைக்கிறேன். பக்கத்து ஊர்ப் பாசி அந்த நீருக்குப் பழகியதாக இருக்கும். ஆனால் போர்த்துகலில் கண்டதுபோல் வளம் வற்றியதாகவும் இருக்கலாம். தொலைவிலிருந்து கொண்டுவந்தால் வளம் கிடைக்கும். அங்கே உருவான விந்து இங்கே நீந்தாமலும் போகலாம். இடம் மாற்றி வைத்துப் பார்க்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

மத்தியதரைக் கடலின் மெனோர்கா தீவில், ஃபியூகஸின் உறவான சிஸ்டோசைராப் பாசி அழிந்துபோயிருந்த ஒரு சிறு விரிகுடாவில் 2011இல் ஒரு முயற்சி தொடங்கியது. ஆய்வாளர்கள் அதே தீவின் வேறொரு விரிகுடாவிலிருந்து முற்றிய கிளைகளை எடுத்துவந்து, வலைப்பைகளில் கட்டி, நீருக்கடியில் கற்களின் மேல் தொங்கவிட்டார்கள். கிளைகளிலிருந்து கருக்கள் உதிர்ந்தன. பைகளுக்கு நேர் கீழே இருந்த கற்களில் பிஞ்சுப் பாசிகள் தோன்றின. பிறகு பைகளை எடுத்துவிட்டார்கள். ஆறு ஆண்டுகளுக்குப் பின் அங்கே மறுபடியும் பாசிக்காடு நின்றது. அது பரவிய விதமும் இந்தக் குடும்பத்துக்கே உரியது: தொங்கவிட்ட இடத்தைச் சுற்றி, சில மீட்டர், பிறகு இன்னும் சில மீட்டர்.